இதர

பதினாறு வயது சான்ட்ரோவின்
இடது முன்சக்கரத்தில் ஒரு டொக்.
கெடிலம் பாலத்து இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு டொக்,
வேகத்தடைக்கு இரண்டு.
மஞ்சக்குப்பம் வந்து சேர்வதற்குள்
எண்ணுவதை விட்டுவிடுவேன்.

"பாண்டிக்கு எடுத்துட்டுப் போ, கம்பெனி சர்வீஸ்தான் சரி,
வரும்போது பெட்ரோலும் போட்டுக்கலாம்" என்றாள் ஜெசிந்தா.
முள்ளோடை தாண்டினால் பெட்ரோல் மலிவுதான்.
போகவர எரியும் நாற்பத்தைந்து கிலோமீட்டரை
அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

கண்ணாடிக் கதவு, காப்பி எந்திரம்,
டை கட்டிய பையன். பெயர் பிரதாபன்.
பானெட்டைத் திறக்காமலே
டேப்லெட்டில் விரலை ஓட்டினான்.
சஸ்பென்ஷன் கிட். எலி விரட்டும் ஸ்ப்ரே.
அடியில் துருப்பூச்சு.
("கடலூர் வண்டி மேடம், உப்புக்காத்து!")
பதினெட்டாயிரத்து நானூற்று முப்பது.
அதில் கடைசி வரி
இதர: அறுநூற்றைம்பது.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
முதுநகர் ஐஸ் கம்பெனியில்
பதினோரு வருஷமாக அதை எழுதுகிற கை இது.
நூறு பாரில் எட்டு உருகும்.
சேதாரம் பன்னிரண்டு என்று போடுவேன்.
மிச்ச நாலு பார்
எந்தக் கத்திரி வெயிலிலும் உருகியதில்லை.
படகுக்காரர்கள் எண்ணைப் பார்ப்பார்கள்,
என்னைப் பார்ப்பார்கள்,
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அதனால் பிரதாபன்மேல் கோபம் வரவில்லை.
அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை,
மாத இலக்கு,
அவன் பெயருக்கு நேரே சிவப்பில் மூன்று.
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பெயரை நம்பி வண்டிப்பாளையம் போனேன்.
"மூவாயிரம் குடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க."
பெட்டியில்லாத ஒரு பாகம் கையில் இருந்தது.
ஒரிஜினலா?
"ஒரிஜினல் மாதிரி."
அந்த மாதிரியில் மகளை ஏற்றிக்கொண்டு
புறவழிச்சாலையில் எண்பதில் போவதை
நினைத்துப் பார்த்தேன்.

நெல்லிக்குப்பம் சாலையில்
கரும்பு லாரிகள் வரிசை கட்டும் இடத்தில்
கஜபதியின் தகரக் கொட்டகை.
சாவியைக் கேட்கவில்லை.
"நீங்க ஓட்டுங்க, நான் கேக்கறேன்."
பக்கத்தில் உட்கார்ந்து
ஃபேனை நிறுத்தினார், கண்ணாடியை ஏற்றினார்,
"இன்னொருவாட்டி அந்தப் பள்ளத்துல விடுங்க" என்றார்.
விட்டேன்.
"லிங்க் ராடு போயிடுச்சு, கூட புஷ்ஷு.
ஷாக்கு இன்னும் ஒரு வருஷம் வரும்.
இப்பவே மாத்தினா எனக்குத்தான் லாபம்."

நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்:
லிங்க் 1100
புஷ் 480
கூலி 900.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
அஷ்டமி என்று மட்டும் இருந்தது.
"இதர எதுவும் இல்லையா?"
"இதரன்னா?"

சொல்லத் தெரியவில்லை எனக்கு.

கழற்றியதைத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார்,
வெடித்த ரப்பர், ஆடுகிற உருண்டை.
இதை வைத்து என்ன செய்ய என்றேன்.
"உங்க பொருளு."
இரண்டாயிரத்து ஐந்நூறு நீட்டினேன்.
இருபது ரூபாய்க்கு அவரிடம் சில்லறை இல்லை.
வேண்டாம் என்பதற்குள்
லுங்கியை மடித்துக்கொண்டு
சாலையைத் தாண்டி டீக்கடைக்குப் போய்விட்டார்.
ஒரு லாரி, இரண்டு லாரி, ஒரு டிராக்டர்.
அந்தப் பக்கம் நின்று
நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

பாலத்தில் இப்போது சத்தமில்லை.
வலதுபக்கம் மட்டும் புதிதாக ஏதோ
மெல்ல முனகுகிறது,
இத்தனை நாள் டொக்குக்கு அடியில் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை.
முதல் படகு, நூறு பார்.
சேதாரக் கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பத்து என்று போட்டேன்.
படகுக்காரர் இரண்டுமுறை பார்த்தார்.
முதலாளி கேட்டால்
இந்த மாசம் வெயில் கம்மி என்பேன்.